உலகத்தில் ஒன்றே ஒன்று

நாணயத்தை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து ரேகை பழுப்பாக எழும்பி வரும், பிறகு எதைக் கொண்டும் அதை எடுக்க முடியாது. மேஜை விளக்கின் கீழே கறுப்புத் துணி விரித்து, நாணயத்தை மெல்லச் சாய்த்தால், வெளிச்சம் சக்கரத்தின் ஆரங்களைப் போல அதன் மேல் சுற்றி வர வேண்டும். எங்கேயாவது தடுக்கினால் அங்கே கீறல் இருக்கிறது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பாலக்காட்டுக் கல்பாத்தியில் எங்கள் வீட்டு மாடியறையில், என் காலை நேரங்கள் பல வருடம் இப்படித்தான் போயின.

இந்த வியாபாரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜாக்கள் காலத்துக் காசு இல்லை இது. நம் கையில் புழங்குகிற ஐந்து ரூபாய், பத்து ரூபாய்தான். புழக்கத்துக்கே வராத, உரசலே படாத ஒன்றைத் தேடிப் பிடித்து, கோயம்புத்தூர் ஏஜென்ட் மூலமாக வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புவோம். அங்கே அதற்கென்றே பழகியவர்கள் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, உடைத்தாலொழியத் திறக்க முடியாத தட்டையான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அறுபத்தைந்து, அறுபத்தாறு எல்லாம் சாதாரணம். அறுபத்தேழுக்கு மேல்தான் விலை பேசவே முடியும். எந்த நாணயத்துக்கு எந்த மதிப்பெண் எத்தனை தடவை போட்டார்கள் என்பதையும் அந்த நிறுவனமே இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கும். அந்த எண்ணிக்கையை நாங்கள் 'பாப்' என்போம். பாப் ஒன்று என்றால் அந்த மதிப்பெண்ணில் உலகத்தில் வேறு கிடையாது. ஐந்து ரூபாய் லட்சமாவது அந்த ஒன்றினால்தான்.

நான் கடைசியாக மேனேஜராக இருந்தது கோபாலபுரம் பக்கத்துக் கிளையில். பொள்ளாச்சி ரோட்டில், கேரள எல்லைச் சோதனைச் சாவடிக்குச் சற்றுத் தள்ளி. நாணயச் சாலையின் முத்திரையோடு சில்லறைப் பைகள் அங்கே வரும். ஒரு தலைவரின் நூற்றாண்டுக்காக அடித்த ஐந்து ரூபாய் நாணயம் ஒரு பை வந்தபோது, என் சொந்தப் பணத்தைக் கட்டி அதை அப்படியே வாங்கிக்கொண்டேன். சட்டப்படி அதில் தவறில்லை. கேட்கிற எவருக்கும் கொடுக்க வேண்டிய சில்லறைதான். ஆனால் எந்தப் பை பிரிக்கப்படாதது என்பது என் நாற்காலிக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பையில் இருந்தவை வழக்கத்துக்கு மாறாக மிகச் சுத்தமாக இருந்தன. ஏதோ காரணத்தால் குலுங்காமல் வந்து சேர்ந்திருக்கின்றன.

என் மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் பிடித்தமில்லை. "காசைக் காசு குடுத்து வாங்கி, அதை டப்பாவில அடைக்கறதுக்கு இன்னும் காசு குடுக்கறேள். இது என்ன வியாபாரமாக்கும்?" என்பாள். நான் சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன்.

அந்தப் பையிலிருந்து முதலில் ஐந்து நாணயங்களை அனுப்பினேன். நான்கு அறுபத்தேழாக வந்தன. ஒன்று அறுபத்தெட்டு. இணையத்தில் தேடிப் பார்த்தேன். அந்த நாணயத்தில் அறுபத்தெட்டு அது ஒன்றுதான். பாப் ஒன்று.

கோயம்புத்தூரில் இதே தொழிலில் ஊறிய வியாபாரி ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். விலை கேட்கவில்லை.

"சார், பையில இன்னும் எத்தன இருக்குது?" என்றார்.

நான் சொல்லவில்லை. அவர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இருவதாயிரம்னா வெச்சுட்டுப் போங்க. இல்லீன்னா பை காலியானதுக்கப்புறம் வாங்க."

தொழில் தெரிந்த எவரும் கேட்கிற முதல் கேள்வி அது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத ஒருவரிடம் இதை விற்க வேண்டும் என்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே எனக்குத் தோன்றியது. அப்படி வார்த்தையாகத் தோன்றியதா என்று இப்போது நினைவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியம், பையிலிருந்து இன்னும் இருபது நாணயங்களைப் பொறுக்கி ஏஜென்டுக்கு அனுப்பியதுதான். அதன் பிறகுதான் அவர் வந்தார்.

அவரைக் கடைக்காரர் என்றே சொல்கிறேன். சோதனைச் சாவடிக்கு எதிரே டீயும் சாப்பாடும் விற்கிற கடை வைத்திருந்தார். கதவை ஒட்டி ஒரு பலகையில் கேரள லாட்டரிச் சீட்டும் தொங்கும். அந்தக் காலத்தில் வரிச் சீட்டில் முத்திரை வாங்க லாரிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும். டிரைவர்கள் அவர் கடையில் குளித்து, சாப்பிட்டு, தூங்கிக்கூட எழுந்திருப்பார்கள். பிறகு நாடு முழுவதும் வரிமுறை மாறி, சாவடியில் லாரிகள் நிற்பதே நின்றுபோயிற்று. வேகம் குறைக்காமல் ஓடுகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு அவர் ஒரு வருடம் கடையைத் திறந்து வைத்திருந்தார். பிறகு விற்றுவிட்டார்.

நான் மேனேஜராக இருந்தபோது அவருக்கு இரண்டு தடவை கடன் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் தவணை பிசகாமல் கட்டினார். அந்த மரியாதையில் வருடத்துக்கு ஒரு தடவை இளநீர்க்குலையோடு கல்பாத்திக்கு வருவார். அந்த மாசி மாதம் வந்தபோது முகம் சரியில்லை.

"ஏனுங்க சார், ஒரு ரோசனை கேக்கலாம்னு வந்தனுங்க," என்றார்.

விஷயம் இதுதான். அப்பா விட்டுப்போன வீட்டில் அவருக்குப் பாதி, அண்ணனுக்குப் பாதி. அண்ணன் தன் மகன் வீட்டுக்கே குடிபோய்விட்டார், தன் பாதியை விற்கப்போகிறார். தம்பி வாங்கிக்கொள்வதானால் ஆறு லட்சம், வரும் தை வரைக்கும் பொறுப்பேன் என்று சொல்லியிருக்கிறார். கடையை விற்றதில் இவரிடம் மிச்சம் நான்கு லட்சம்.

"ரெண்டு கொறையுதுங்க. பேங்க்ல போட்டா ஒரு வருசத்துல என்னத்த வரும்? வெளியாளுக்கு வித்துட்டார்னா நடு ஊட்டுல செவுரு வந்துருமுங்க. முன்வாசல் அவரு பக்கம். எங்களுக்கு வாசலே இல்லாமப் போயிரும்."

கடன் வாங்கலாமே என்றேன். கடையில்லாதவனுக்கு யார் கொடுப்பார்கள் என்றார். அது உண்மைதான், நானே கொடுத்திருக்க மாட்டேன்.

அவரை மாடிக்கு அழைத்துப்போனது நான்தான். அவர் கேட்கவில்லை. கறுப்புத் துணியில் வைத்து, விளக்கைப் போட்டு, பெட்டியைச் சாய்த்துக் காட்டினேன். கைப்பேசியில் அந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, அறுபத்தெட்டு என்பதற்கு நேராக ஒன்று என்று இருப்பதையும் காட்டினேன். முன்னொரு தடவை வேறொரு நாணயத்தை மும்பைக்காரர் ஒருவருக்கு நான் என்ன விலைக்கு விற்றேன் என்பதையும் சொன்னேன். அது உண்மை. நான் அன்றைக்குச் சொன்னவை எல்லாமே உண்மை.

அவர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

"அஞ்சு ரூவாதானுங்களே இது?"

"ஆமாம். ஆனால் இந்தத் தரத்தில் வேறு இல்லை."

"வேற எங்கீமே இல்லீங்களா?"

"இப்போதைக்கு உலகத்தில் இது ஒன்றே ஒன்றுதான்," என்றேன்.

இப்போதைக்கு என்ற சொல்லை நான் போட்டுத்தான் சொன்னேன். பிற்பாடு பல நாள் அந்தச் சொல்லின் பின்னால் ஒளிந்திருந்தேன். அனுப்பிவிட்ட இருபதைப் பற்றியோ, பையில் மீதி இருப்பதைப் பற்றியோ அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. விலை இரண்டு லட்சம், ஒரு வருடத்தில் இரட்டிப்பாகும் என்றேன். இரண்டு நான்காகிவிட்டால் கையிலிருக்கும் இரண்டோடு சேர்த்து ஆறு. கணக்கு அவருக்காகவே செய்து வைத்ததுபோல இருந்தது.

கீழே இறங்கும்போது அவர் என் மனைவியிடம், "சார் சொல்லிட்டாருங்கம்மா, இனி எனக்கு பயமில்லீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியைத் துண்டில் சுற்றி, சட்டைக்கு உள்ளே வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்று சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள். "கோயமுத்தூர்க்காரன் இருபதாயிரத்துக்கு மேலே வேண்டாம்னானே, அதே காசுதானே இது?"

"அவன் வியாபாரி. அடிமாட்டு விலைதான் சொல்வான்."

"நீங்க?" என்றாள். மோர் ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஆடியில் ஏஜென்டிடமிருந்து தகவல் வந்தது. இருபதில் ஏழு அறுபத்தெட்டு. இதை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த நிமிடம் எனக்குக் கடைக்காரர் நினைவுக்கு வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. ஏழு என்று வாய்விட்டுச் சொன்னேன். இணையத்தில் ஒன்று என்று இருந்த இடத்தில் எட்டு என்று மாறியதை அன்று சாயங்காலத்துக்குள் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

மற்றவர்கள் கவனிப்பதற்குள் விற்றுவிட வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஐதராபாத்துக்கு ஒன்று, மும்பைக்கு இரண்டு, சென்னைக்கு மூன்று என்று மீதி ஆறையும் அனுப்பினேன். முதலாவதற்கு நல்ல விலை. ஒவ்வொன்றுக்கும் அதற்கு முந்தையதைவிடக் குறைவு, ஏனென்றால் முந்தையதை விற்றவனும் நானே. கடைசி ஒன்றுக்குப் பதினைந்தாயிரம்கூடக் கிடைக்கவில்லை. இதே போன்ற இன்னொரு பை வேறு யார் கைக்கோ போயிருக்க வேண்டும். எட்டு பதினொன்றாயிற்று. கடைக்காரர் வீட்டு அலமாரியில் துண்டு சுற்றி இருந்த நாணயத்தின் விலையை நான் மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பார்சலாகக் கட்டி இறக்கினேன். வந்த பணத்தை வைப்புநிதியில் போட்டேன். எனக்கு அதில் செலவு ஒன்றும் இருக்கவில்லை. பென்ஷன் போதுமானதாக இருந்தது.

மார்கழியில் அவர் வந்தார். இளநீர் கொண்டுவரவில்லை. பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்.

"தை வந்துருச்சுங்களே சார். வித்துக் குடுத்துட்டீங்கன்னா அண்ணன் மூஞ்சில பணத்த வெச்சுருவனுங்க."

அன்றைக்கு நானே அதைத் திரும்ப வாங்கியிருக்கலாம். அவர் கொடுத்த இரண்டு லட்சத்தையாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம். வைப்புநிதியில் அதற்கு மேலேயே இருந்தது. கொடுத்தால் ஏன் விலை இறங்கியது என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே, "சந்தை இப்போது மந்தமாக இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்," என்றேன்.

"எத்தன நாளுங்க?"

"அவசரப்பட்டு விற்றால் நஷ்டம் உங்களுக்குத்தான்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "சரிங்க சார், நீங்க சொன்னாச் சரி," என்று பெட்டியைத் துண்டில் சுற்றினார். தை கழிந்தது. அண்ணன் தன் பாதியைக் கோழித் தீவன வியாபாரி ஒருவருக்கு கிரய ஆதாரம் எழுதிக் கொடுத்துவிட்டதாகப் பழைய கிளையின் காசாளர் வேறு எதையோ பேசும்போது சொன்னார். நான் பேச்சை மாற்றினேன்.

இரண்டு வருடம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. போகாமலிருக்கக் காரணம் தேடவும் வேண்டியிருக்கவில்லை. வயதாகிவிட்டது என்று சொன்னால் எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

அதே காசாளரின் மகள் கல்யாணம் கோபாலபுரத்துக்குப் பக்கத்துச் சித்தூரில் நடந்தது. போகாமல் தீரவில்லை. பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பார் வாளியோடு வந்தவர் என் இலைக்கு நேரே நின்றார்.

"சார், நல்லா இருக்கீங்களா? பருப்புக்கு ஊத்தட்டுங்களா, சோத்துக்கு ஊத்தட்டுங்களா?"

கடைக்காரர்தான். சமையல் கான்டிராக்டரின் ஆட்கள் போட்டிருந்த அதே சிவப்பு டீ ஷர்ட்டு அவருக்கும். சொந்தக் கடையில் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்தவர். நான் ஏதோ சொன்னேன். ஊற்றினார். அடுத்த இலைக்குப் போனவர் திரும்பி வந்து, "ஒரு நா ஊட்டுப் பக்கம் வாங்க சார்," என்றார். குரலில் எதுவும் இல்லை. யாரையும் அழைப்பதுபோல அழைத்தார். நான் பாயசத்துக்கு முன்பே இலையை மடித்துவிட்டேன்.

அந்த வாரமே வைப்புநிதியை உடைத்து இரண்டரை லட்சம் எடுத்தேன். மும்பையில் ஒரு பார்ட்டி அந்த நாணயத்தைத் தேடுகிறார், இரண்டரைக்குக் கேட்கிறார் என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவது என்று திட்டம். மனைவியிடம் சொன்னேன்.

"பணத்தைக் குடுக்கறச்சேயும் பொய்தானா?" என்றாள்.

"உண்மையைச் சொன்னால் அவர் மனசு கஷ்டப்படும்."

"அவர் மனசா?" என்று மட்டும் கேட்டாள். போகவேண்டாம் என்று சொல்லவில்லை.

கோபாலபுரத்தில் இறங்கி அந்த வீட்டை அடையாளம் கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று. முன்பக்கம் முழுவதும் நீலப் பெயின்ட் அடித்திருந்தது. பழைய முன்வாசலில் தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன. உள்ளே இருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "அவங்களா? பொறவால போங்க," என்று கையைக் காட்டினார். சுவரை ஒட்டி ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் சந்து. ஒரு பக்கம் சாக்கடை. அதன் முடிவில், வீட்டின் பின்சுவரை உடைத்துப் புதிதாக ஒரு வாசல் வைத்திருந்தார்கள். வேப்பமரத்தில் நிலை, உயரம் போதாது. மஞ்சள் பூசி, மாவிலை காய்ந்து தொங்கிற்று. நான் குனிந்து, படியைத் தாண்டி உள்ளே போனேன்.

உள்ளே ஒரே அறை. முன்பு நடுக்கூடமாக இருந்ததன் பாதி. மறுபாதிக்கு நடுவே செங்கல் தெரிகிற சுவர், பூசவில்லை. கூரையின் உத்தரம் அந்தச் சுவருக்குள் நுழைந்து மறைந்தது.

"வாங்க சார், உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி டீ போடப் போனார். நான் உட்கார்ந்த உடனேயே ஆரம்பித்துவிட்டேன். மும்பை, பார்ட்டி, இரண்டரை லட்சம். இடையில் நிறுத்தினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயம்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அந்தக் காசுங்களா? அது அங்க இருக்குதுங்க," என்று வாசலைக் காட்டினார்.

எனக்குப் புரியவில்லை.

"வாசல் நெலவுக்கு அடியில வெச்சுட்டமுங்க. நெலவு வெக்கறப்ப காசு போடோணுமில்லீங்களா? நவதானியத்தோட சேத்துப் போட்டு மூடியாச்சுங்க. இப்பத்தான் நீங்க தாண்டி வந்தீங்க."

"பெட்டியோடவா?"

"பெட்டியோட போட்டா அது காசாகுமுங்களா? மண்ணுல படோணுமே. சுத்தியல்ல தட்டித்தான் எடுத்தேன். நல்ல கெட்டிங்க அது."

அவர் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பெட்டி வீணாப் போகலீங்க," என்று சுவர் மாடத்தைக் காட்டினார். உடைந்த பிளாஸ்டிக்கின் ஒரு பாதி அங்கே இருந்தது. நாணயம் உட்கார்ந்திருந்த வட்டக் குழியில் குங்குமம் வைத்திருந்தார். அதற்கு மேலே சீட்டில் 68 என்ற எண் அப்படியே இருந்தது.

பெட்டியை உடைத்த பிறகு அந்த மதிப்பெண்ணுக்குப் பொருளே இல்லை. மும்பைப் பார்ட்டி என்ற கதை அங்கேயே செத்துப்போயிற்று. ஆனாலும் நான் விடவில்லை. "இத்தனை விலை போகிற காசை எப்படி மண்ணில் போட மனசு வந்தது?" என்று கேட்டேன். என் வாயிலிருந்துதான் அந்தக் கேள்வி வந்தது.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஏதாச்சும் ஒரு காசு வெக்கோணுமுல்லீங்க. ஊட்டுல புதுக் காசு அது ஒண்ணுதான் இருந்துச்சு. எம் பொண்ணு போன்ல அடிக்கடி பாக்குமுங்க. மொதல்ல ஒண்ணுன்னு இருந்துச்சு. பொறவு எட்டுன்னு சொல்லுச்சு. பொறவு பதினொண்ணு."

"எப்போது பார்த்தது?"

"நீங்க பொறுக்கச் சொன்னீங்களே, அன்னைக்கு உங்க ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே தெரியுமுங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

மார்கழியில் அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏன் கேட்கவில்லை என்றேன்.

"உங்க மூஞ்சியப் பாத்து எப்பிடிங்க கேக்கறது," என்றார். அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன் பிறகுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பை, இருபது நாணயங்கள், கோயம்புத்தூர் வியாபாரி கேட்ட கேள்வி, நான் விற்ற ஆறு, மிச்சம் வைத்திருக்கும் ஒன்று. சொல்லி முடித்து, பையிலிருந்து பணத்தை எடுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் மனைவி அதைப் பார்த்தார். அவர் பார்க்கவில்லை.

"பணம் இருக்கட்டுமுங்க. இத இப்பக் குடுத்தாலும் அந்தத் தீவனக்காரரு எடத்த விட மாட்டாரு. எனக்கு வேற ஒண்ணு செய்யோணும் நீங்க."

"என்ன?"

"எங்க அண்ணன் ஊரெல்லாம் நான் ரெண்டு லச்சத்த லாட்டரியில உட்டுட்டேன்னு சொல்லிட்டுத் திரியறாருங்க. கடையில சீட்டு வித்தவந்தானே நான், எல்லாரும் நம்பிட்டாங்க. காசு வாங்குனேன்னு சொன்னா சிரிக்கறாங்க. அஞ்சு ரூவாயை ரெண்டு லச்சத்துக்கு எவன்டா வாங்குவான்னு கேக்கறாங்க. பொண்ணுக்கு வந்த ஒரு எடம் அதனாலயே போச்சுங்க. அப்பன் சூதாடின்னு. நீங்க வந்து அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லீட்டாப் போதும். நீங்க சொன்னா நம்புவாரு."

பணம் கொடுப்பதற்கு நான் தயாராகிக்கொண்டு வந்திருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. ஆனாலும் எழுந்தேன். பணத்தை எடுத்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டேன். அண்ணனுக்கு முன்னால் கொடுத்தால் சாட்சியாக இருக்கும் என்று நினைத்தேன்.

அண்ணன் தோப்புக் களத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்து, காய்கிற கொப்பரைக்குக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"மேனேஜர் சாருங்களா, வாங்க, வாங்க. என்ர பையன் டிராக்டருக்கு லோன் போட்டுக் குடுத்தது நீங்கதானுங்களே. மறக்க முடியுங்களா?" தம்பியை அவர் பார்க்கவே இல்லை.

நின்றுகொண்டே சொன்னேன். இவர் லாட்டரியில் விடவில்லை, நான்தான் ஏமாற்றினேன், தெரிந்தே விற்றேன், விலை இறங்கப்போவது எனக்குத் தெரியும், மார்கழியில் வந்தபோது மறுபடி பொய் சொன்னேன். எதையும் மெருகு போடாமல் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். கைப்பேசியைத் திறந்து அந்தப் பக்கத்தையும் காட்டினேன்.

அவர் கைப்பேசியை வாங்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, மெதுவாகச் சிரித்தார்.

"சார், நீங்க என்ன சொன்னாலும் நம்புவனுங்க. இத மட்டும் நம்ப மாட்டனுங்க. நீங்களாவது, ஏமாத்தறதாவது. இவன் வந்து உங்க கால்ல உழுந்தானுங்களா?"

"இல்லை. நான் சொல்வது நிஜம். இதோ, அவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன்." பையைத் திறந்து கட்டுகளை எடுத்தேன். அந்த நேரத்தில் நான் செய்திருக்கவே கூடாதது அது.

அண்ணனின் முகம் மாறியது. தம்பியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"ஏன்டா, சூதாடித் தோத்ததுக்கு வயசான மனுசன் பென்சன் பணத்துல கை வெக்கறியா? உனக்காகப் பொய் சொல்ல இவரையே கூட்டியாந்துட்டியே. வெக்கமா இல்லியா உனக்கு?"

களத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் மறுபடியும் மறுபடியும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் என்னை இன்னும் பெரிய மனிதராகப் பார்த்தார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போதுமுங்க சார். உங்க மாதிரி மனசு யாருக்கு வரும்? பணத்த உள்ள வெய்யுங்க. இவனுக்குக் குடுத்தா அதுவும் சீட்டாத்தான் போகும்," என்றார். இளநீர் வெட்டச் சொல்லி ஆளை அனுப்பினார். நான் குடிக்கவில்லை.

முப்பது வருடம் கையெழுத்துப் போட்டுப் போட்டுச் சேர்த்த பெயர். அதை வைத்துத்தான் ஒரு மனிதரை ஏமாற்றினேன். அதே பெயர் குறுக்கே வந்து நின்று, நான் ஏமாற்றியதை யாரும் நம்பவிடாமல் செய்துவிட்டது. இதை இங்கே எழுதுவதும் அதனால்தான். இதைப் படிக்கிறவர்களிலும் சிலர், கிழவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டு பெரிய மனதோடு எழுதியிருக்கிறார் என்று நினைத்துவிடக்கூடும். அப்படி இல்லை. நான் எழுதியிருப்பது நடந்தது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கடைக்காரர் கூட வந்தார். பழைய சாவடிக் கட்டடத்தின் நிழலில் நின்றோம். லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. நான் பணப்பையை அவர் கையில் வைக்கப் பார்த்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாமுங்க சார்."

"இது உங்கள் பணம்."

"காலைல வாங்கியிருந்தா எம் பணமுங்க. இப்ப வாங்குனா அண்ணன் சொன்னது நெசமாயிரும். அந்தப் பொம்பளைங்க ரெண்டு பேரும் பாத்துட்டாங்க. பொழுதுக்குள்ள ஊர் பூராத் தெரிஞ்சுரும்."

"உங்கள் மகளுக்காகவாவது."

"அவளுக்காகத்தானுங்க வேண்டாங்கறேன்," என்றார்.

பாலக்காடு பஸ் தூரத்தில் தெரிந்தது. அவர் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டி நிறுத்தினார். நான் பணப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கம்பியைப் பிடித்தேன். முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

"பாத்து ஏறுங்க சார்," என்றார். "படி ஒசரம்."